சிகிச்சை நடப்பது வீட்டில். உதவியும் வீட்டுக்கு வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்திர உதவித்தொகையை உயர்த்தக் கோரி நடக்கும் போராட்டங்கள் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் அவ்வப்போது வெளியாகின்றன. அந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது. ஆனால் அந்தச் செய்திகளிலும், அவற்றுக்கு அரசுத் தரப்பில் கிடைக்கும் பதில்களிலும், கடுமையான குறைபாட்டோடு வாழும் குழந்தைகளின் மருத்துவத் தேவை தனியாகப் பேசப்படுவது அரிது. கழுத்து நிற்காத, தானாக உட்கார முடியாத, விழுங்கத் திணறுகிற, ஒருவேளைகூடத் தவறாமல் வலிப்பு மருந்து கொடுக்க வேண்டிய குழந்தைகளைச் சொல்கிறேன். மூளை முடக்குவாதத்தோடு பிறந்த என் மகளும் அவர்களில் ஒருத்தி. அவளுக்கு இப்போது பதினாறு வயது. இத்தனை ஆண்டுகளில் புறநோயாளிப் பிரிவுகளிலும் பயிற்சி மையங்களிலும் பழக்கமான தாய்மார்கள் பலரிடம் பேசிப் பேசி எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றைத் தங்கள் வாசகர்கள் முன்னும் அரசின் முன்னும் வைக்க விரும்புகிறேன். எங்கள் குழந்தைகளுக்கான சிகிச்சையில் பெரும்பகுதி வீட்டில் நடக்கிறது. அரசு தரும் மருத்துவ உதவியில் பெரும்பகுதியோ மருத்துவமனைப் படுக்கையோடு நின்றுவிடுகிறது.

மூளை முடக்குவாதம் என்பது, பிரசவ நேரத்து மூச்சுத்திணறல், குறைப்பிரசவம், பிறந்த சில நாட்களில் வரும் கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் போன்ற காரணங்களால் வளரும் மூளைக்கு ஏற்படும் பாதிப்பு. மூளையில் பட்ட காயம் அதற்குமேல் பெருகுவதில்லை. ஆனால் அதன் விளைவுகள் உடம்பில் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகின்றன. இறுகிய தசைகளை அன்றாடம் நீட்டிவிடாமல் போனால் மூட்டுகள் மடங்கியபடியே நின்றுவிடுகின்றன. இடுப்பு மூட்டு மெல்ல விலகுகிறது. முதுகுத்தண்டு வளைந்து நுரையீரலை நெருக்குகிறது. நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டாவிட்டால் உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவாகிறது. இக்குழந்தைகளில் பலருக்கு வலிப்பும் கூடவே இருக்கிறது. இவற்றை முற்றிலும் தடுக்க முடியாவிட்டாலும், பெருமளவு தள்ளிப்போடவும் குறைக்கவும் முடியும் என்று ஒவ்வொரு குழந்தை நல மருத்துவரும் சொல்வார்.

அதற்குச் செய்ய வேண்டியவை எல்லாம் வீட்டுக்குள் செய்யப்படுபவை. காலையும் மாலையும் கை, கால், இடுப்புத் தசைகளை நீட்டிவிட வேண்டும். இரவிலும் எழுந்து புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். குழைத்த சோற்றைச் சிறு கரண்டியால், புரையேறாமல் பார்த்துப் பார்த்து ஊட்ட வேண்டும்; ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆவது சாதாரணம். சளி கட்டினால் முதுகைத் தட்டி வெளியேற்ற வேண்டும். மலச்சிக்கலைக் கவனிக்காமல் விட்டால் சாப்பாடு நின்றுபோகும். சாப்பாடு நின்றால் மருந்தும் நின்றுபோகும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும். இவற்றையே மருத்துவமனையில் ஒரு செவிலியரும் இயன்முறை மருத்துவரும் செய்தால் அதற்குப் பெயர் சிகிச்சை. அதற்குக் கட்டணப் பட்டியல் உண்டு. வீட்டில் தாய் செய்யும்போது எந்தக் கணக்கிலும் அது வருவதில்லை.

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, பின்னர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகத் தொடர்ந்து வரும் ஏற்பாட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான அந்தப் பாதுகாப்பு, எங்களைப் போன்ற பல குடும்பங்களைக் கந்துவட்டிக்காரரிடம் போகாமல் காத்திருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் என்று வடிவமைக்கப்பட்டது. இடுப்பு மூட்டு விலகிய பிறகு செய்யும் அறுவைச் சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டையோடு போகலாம். மூட்டு விலகாமல் இருக்க வாரம் இருமுறை பெற வேண்டிய பயிற்சிக்கு அந்த அட்டை பயன்படாது. நிமோனியாவோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தால் பணம் உண்டு. புரையேறாமல் ஊட்டுவது எப்படி என்று கற்றுத்தரும் பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளரின் கட்டணத்தை நாங்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டும். வருமுன் தடுக்கும் பயிற்சிக்கு ஆகும் செலவு, வந்த பின் செய்யும் மருத்துவமனைச் சிகிச்சைக்கு ஆவதில் ஒரு சிறு பங்குதான் என்பதால், கருணையை ஒதுக்கிவிட்டுக் கருவூலக் கணக்காக மட்டுமே பார்த்தாலும் இந்த ஏற்பாடு தலைகீழாக இருக்கிறது.

மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் 'நிராமயா' காப்பீடு இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு வகையினருக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, புறநோயாளிச் செலவையும் தெரபி (பயிற்சிச் சிகிச்சை) செலவையும் சேர்த்தே அது ஈடுசெய்கிறது. அந்த அறக்கட்டளையை உருவாக்கிய 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்த திட்டம் என்பதால் அந்த நான்கு வகைக்கு வெளியே இருக்கும் தசைச்சிதைவு நோயாளிகளான குழந்தைகளுக்கு அதில் இடமில்லை. இடம் உள்ளவர்களும் முதலில் தாங்களே செலவு செய்துவிட்டு, ரசீதுகளை அனுப்பி, பணம் திரும்பி வரக் காத்திருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கவும் வேண்டும். கையில் முன்பணம் இல்லாதவருக்குப் பின்னால் வரும் பணம் எப்படி உதவும்? கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் பலருக்கு இந்தத் திட்டத்தின் பெயர்கூடத் தெரியாது. சொல்ல வேண்டிய இடங்களில் யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

தெரபிக்கு அரசுப் பணம் தருவது நிர்வாக ரீதியாகச் சிக்கலானது என்று ஒரு வாதம் உண்டு. ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணங்கள் வழங்கும் மத்திய அரசின் 'அடிப்' திட்டத்தில், பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்குக் கேட்க உதவும் காக்ளியர் கருவியை அறுவைச் சிகிச்சை மூலம் பொருத்தும்போது, அறுவைச் சிகிச்சையோடு அதற்குப் பிந்தைய பேச்சுப் பயிற்சிக்கும் சேர்த்தே பணம் ஒதுக்கப்படுகிறது. பயிற்சி இல்லாமல் கருவி வீண் என்பதை அங்கே அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது. மூளை முடக்குவாதக் குழந்தையின் இடுப்புக்கும் முதுகுக்கும் அதே நியாயம் பொருந்தும்.

மருந்துகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால், நிற்காத தொடர்வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை விழுங்க முடியாத குழந்தைக்குச் சிரப் வேண்டும். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கக் கூடாது. இது தெரிந்தும், சிரப் இருப்பு இல்லை, மாத்திரைதான் இருக்கிறது, பொடித்துக் கொடுங்கள் என்று ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் எனக்குச் சொல்லப்பட்டது. மருந்து பெறக் குழந்தையை நேரில் கொண்டுவர வேண்டும் என்றும் வேறோர் இடத்தில் கேட்டார்கள். நாற்பது கிலோ எடையுள்ள, உடல் விறைத்த ஒரு பெண்ணைப் பேருந்தில் ஏற்றிச் செல்ல முடியாது. நகரப் பேருந்தில் எனக்குக் கட்டணமில்லை, அவளுக்கும் கட்டணமில்லை. ஆனால் படியில் ஏற்றுவது யார்? வாடகை வண்டிக்குக் கொடுக்கும் தொகை, அன்று வாங்கி வரும் மருந்தின் விலையைவிட அதிகமாகிவிடுகிறது. அதனால் பலர் அரசு மருத்துவமனைக்குப் போவதையே விட்டுவிட்டுக் கடையில் வாங்குகிறார்கள்; பணம் இல்லாத மாதத்தில் வேளையைக் குறைக்கிறார்கள். குறைத்த மாதத்தில்தான் வலிப்பு கூடுகிறது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்', ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறது. இயன்முறை சிகிச்சையும் ஆதரவு சிகிச்சையும்கூட அதில் அடங்கும். எங்கள் பிரச்சினைக்கு மிக அருகில் வந்திருக்கும் திட்டம் இதுதான் என்பது என் எண்ணம். வீடு தேடி வரும் அந்த ஊழியரின் பையில் வலிப்பு மருந்தையும், தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபெனையும் சேர்ப்பதற்குப் புதிய கட்டடமோ புதிய துறையோ தேவையில்லை. ஆனால் இயன்முறை சிகிச்சைக்கு வட்டாரத்துக்கு ஒருவர் என்ற அளவில் ஆள் இருந்தால், பக்கவாதம் வந்த முதியவர்களையே அவரால் சுற்றி முடிக்க இயலாது. குழந்தைகளின் முறை எப்போது வரும்? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையங்களிலிருந்து வீட்டுக்கு வரும் சிறப்பு ஆசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் செய்யும் பணியை நான் நன்றியோடு நினைக்கிறேன். என் மகளின் கைவிரல்கள் இன்னும் விரிகின்றன என்றால் அவர்களில் ஒருவர் எனக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்ததே காரணம். அவர்கள் பொறுப்பில் இருக்கும் குழந்தைகளும் ஊர்களும் மிக அதிகம். மாற்றுத்திறனாளிகளுக்காக உலக வங்கியின் கடனுதவியோடு நடக்கும் 'உரிமைகள்' திட்டத்தின் 'விழுதுகள்' மறுவாழ்வுச் சேவை மையங்கள் நல்ல தொடக்கம். ஆனால் வீட்டைவிட்டு நகர்த்த முடியாத குழந்தையின் வீட்டுக்கு அந்த மையத்தின் ஆட்கள் வந்தாக வேண்டும்.

சக்கர நாற்காலி வழங்கும் விழாக்களின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றைச் சொல்லத் தோன்றும். தலையையும் இடுப்பையும் தாங்கிப் பிடிக்கும்படி அளவெடுத்துச் செய்த இருக்கைதான் எங்கள் குழந்தைகளுக்கு உதவும். பெரியவர்களுக்கான பொது அளவு நாற்காலியில் அவர்கள் சரிந்து விழுகிறார்கள், அல்லது முதுகு இன்னும் வளைகிறது. குழந்தைகள் வளர்கிறவர்கள். 'அடிப்' விதிகளின்படி ஒரே வகை உபகரணத்தை மீண்டும் பெற மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும் அது ஓராண்டு. பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும் இடையில் ஒரு குழந்தை எவ்வளவு உயரும் என்பதை விதி எழுதியவர்கள் கணக்கில் கொள்ளவில்லை. டயப்பர், உணவுக் குழாய், சளி உறிஞ்சும் கருவி, படுக்கைப்புண் வராமல் தடுக்கும் மெத்தை ஆகியவை இல்லாமல் இப்படிப்பட்ட பல குடும்பங்களில் ஒரு வாரம் நகராது. மாதச் செலவில் டயப்பரே பெரும்பங்கு. இவற்றை மருத்துவப் பொருட்களாகக் கருதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாக வழங்க வேண்டும்.

இனி, பராமரிப்பவரைப் பற்றி. தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கும் அறிவுசார் குறைபாடுடையோருக்கும் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்கப்படுகிறது. அதிக ஆதரவு தேவைப்படுவோரைப் பராமரிப்பவருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் ஏற்பாடும் வந்திருக்கிறது. இரண்டையும் பெறும் குடும்பத்துக்கு நாளொன்றுக்குக் கிடைப்பது 100 ரூபாய். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழகத்தில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். எங்கள் காவிரிப் பாசனப் பகுதியில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள், இப்படியொரு குழந்தை பிறந்த நாளிலிருந்து வேலையை விட்டுவிடுகிறார்கள். குடும்பத்தில் ஒரு கூலி குறைகிறது, செலவு இருமடங்காகிறது. கணவர் குடும்பத்தை விட்டுப் போய்விட, தனியாகப் பிள்ளையோடு நிற்கும் பெண்களையும் எனக்குத் தெரியும். கழுத்துவலி, இடுப்புவலி, தூக்கமின்மை ஆகியவற்றோடு வாழும் இந்தத் தாய்மார்களின் உடல்நிலையைக் கேட்டறியும் ஒரு பரிசோதனைகூட எந்தத் திட்டத்திலும் நான் பார்த்ததில்லை. தாய் படுத்துவிட்டால் குழந்தைக்கு மருந்து கொடுக்க ஆளில்லை.

ஆந்திரப் பிரதேசத்தில் 2024 ஜூலை முதல் மாற்றுத்திறனாளி உதவித்தொகை 6000 ரூபாயாகவும், முற்றிலும் முடங்கியவர்களுக்கு 15,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. மருத்துவக் கட்டமைப்பில் நம்மைவிட முன்னே நிற்கும் மாநிலம் என்று யாரும் ஆந்திரத்தைச் சொல்வதில்லை. ஆனாலும் அங்கே முடிந்திருக்கிறது. பெண்களின் ஊதியமில்லா உழைப்பை அங்கீகரிக்கிறோம் என்று சொல்லித்தான் 2023 செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. அந்த அடிப்படையை ஏற்றுக்கொண்ட மாநிலம், இருபத்து நான்கு மணி நேரமும் செவிலியர் வேலையைச் செய்யும் தாயின் உழைப்புக்கு அதைவிடக் கூடுதலாக மதிப்பளிக்கக் கடமைப்பட்டது. மாற்றுத்திறன் குழந்தையைப் பராமரிக்க விடுப்புக் கோரி இமாச்சலப் பிரதேசத்தைச் சேர்ந்த ஓர் அரசு ஊழியர் தொடுத்த வழக்கில், 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்று, மாநில அரசின் விடுப்புக் கொள்கையை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. அரசு வேலையில் இருக்கும் தாய்க்கு அப்படியொரு வழி திறந்திருக்கிறது. வயலில் கூலிக்குப் போன தாய்க்கு விடுப்பு தர யாரும் இல்லை. அவளுக்கு மாதத் தொகைதான் விடுப்பு.

சட்டத்தில் இதற்கெல்லாம் இடம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு பராமரிப்பாளர் படியையும் விரிவான காப்பீட்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 25ஆம் பிரிவு, குறிப்பாகக் கிராமப்புறங்களில், இருப்பிடத்துக்கு அருகிலேயே இலவச மருத்துவமும் சிகிச்சையில் முன்னுரிமையும் தரச் சொல்கிறது. அதிக ஆதரவு தேவைப்படுவோரை மதிப்பீட்டு வாரியத்தின் மூலம் கண்டறிந்து உதவ 38ஆம் பிரிவு வழிசெய்கிறது. அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு என்ற சொற்களும் 24ஆம் பிரிவில் இருக்கின்றன என்பதை அறிவேன். ஆனால் இது கோடிக்கணக்கானவர்களுக்கான செலவு அன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எல்லா வயதிலும் எல்லா வகையிலுமாக உள்ள மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் கடுமையான குறைபாடுள்ள குழந்தைகள் ஒரு சிறு பகுதியினர். அந்தச் சிறு பகுதியினருக்கு முழுமையாகச் செய்ய இந்த மாநிலத்தால் முடியும்.

மிகவும் அச்சமூட்டும் ஒன்றையும் சொல்ல வேண்டும். இன்னும் இரண்டு ஆண்டுகளில் என் மகளுக்குப் பதினெட்டு வயதாகிவிடும். பள்ளிக் கல்வித் துறையின் வீட்டுவழிக் கல்வியும் அதோடு வரும் பயிற்சியும் அன்று நின்றுவிடும். பதினெட்டு வயது வரையிலான குழந்தைகளுக்கென 2013இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், குறைபாடுகளை இளவயதிலேயே கண்டறிந்து சிகிச்சை தரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையமும் அவளுக்கு உரியது ஆகாது. பிறந்ததிலிருந்து அவளை அறிந்த குழந்தை நல மருத்துவரை விட்டு, அவளைப் போன்ற ஒருவரைப் பார்த்துப் பழகியிராத பொது மருத்துவப் பிரிவின் வரிசையில் நாங்கள் நிற்க வேண்டும். வங்கிக் கணக்கை இயக்கவும் முடிவுகள் எடுக்கவும், பெற்ற தாயே மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலர் சான்று பெற வேண்டும். அவள் உடம்பின் தேவை பதினெட்டாவது பிறந்தநாளில் மாறப்போவதில்லை. மூன்று நான்கு வயதில் இருக்கும் குழந்தைகளின் தாய்மார்களிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை; அவர்களுக்கு இப்போதிருக்கும் பாரமே போதும்.

ஆகவே, வரும் நிதிநிலை அறிக்கைக்கு முன்பாக மக்கள் நல்வாழ்வுத் துறையும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் ஒன்றாக உட்கார்ந்து இதை ஆராய வேண்டுமென வேண்டுகிறேன். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புறநோயாளி தெரபியும், ஆண்டுக்கொருமுறை இடுப்பு, முதுகெலும்புப் பரிசோதனையும் சேர்க்கப்பட வேண்டும். வலிப்பு மருந்துகள் சிரப் வடிவிலும் வீட்டுக்கு வர வேண்டும். பராமரிப்பாளர் தொகை நாட்கூலியோடு இணைக்கப்பட்டு, கூலி உயரும்போது தானே உயர வேண்டும். தாய் நோயுற்றாலோ வீட்டில் ஒரு சாவு நேர்ந்தாலோ, குழந்தையைச் சில நாட்கள் நம்பி ஒப்படைக்கக்கூடிய பயிற்சி பெற்ற ஆட்கள் உள்ள இடம் மாவட்டத்துக்கு ஒன்றாவது வேண்டும். பதினெட்டு வயதைக் கடப்பவர்களுக்கு, அந்த வயதை எட்டுவதற்கு ஓராண்டு முன்பே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தனிப் பொறுப்பாளர் ஒருவரை நியமித்து, அவர்களுடைய மருத்துவக் குறிப்புகளைப் புதிய பிரிவுக்கு முறையாக ஒப்படைக்க வேண்டும். இதைத் திட்டமிடும் கூட்டத்துக்குப் பெற்றோரையும் அழைக்க வேண்டும். பகலில் நடத்தினால் எங்களில் பெரும்பாலோரால் வர இயலாது என்பதால், அலைபேசி வழியாகப் பேசுவதற்கு வாய்ப்பளித்தால் கட்டாயம் பேசுவோம்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
காவிரிப் பாசனப் பகுதி.
(பெயரை வெளியிட வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன்.)